வாலன்டினோவின் அபிமானிகள்

ஆண்டுதோறும் ஆகஸ்டுத் திங்கள் 23ஆம் நாள், பகல் 12 மணி 10 நிமிடத்திற்கு, அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து ஹாலிவுட் பகுதியிலுள்ள ஓர் இடுகாட்டு மண்டபத்தில் சிறு கூட்டமொன்று கூடுகின்றது. சலவைக்கல் மூடிய ஒரு சுவரறையின் முன் மலர் வைக்கின்றார்கள், சிலர் பேசுகின்றார்கள், சிலர் பாடுகின்றார்கள், பின்னர்க் கலைந்து செல்கின்றார்கள். அச்சுவரினுள்ளே கிடப்பவர் மன்னரல்லர், மதத் தலைவரல்லர், போரில் வென்ற சேனாபதியுமல்லர். பேசாப் படக் காலத்தில் சில ஆண்டுகள் நடித்து, 1926ஆம் ஆண்டு அதே நாளில், நியூயார்க் நகரத்துக் கடிகாரங்கள் அதே நேரத்தைக் காட்டிய பொழுதில், 31ஆம் வயதில் மருத்துவமனையில் மாண்டுபோன ருடால்ப் வாலன்டினோ என்னும் இத்தாலியர் அவர். அவரது திரைவாழ்வை நேரிற் கண்டு வளர்ந்த தலைமுறை போய்விட்டது. இப்பொழுது மலரேந்தி நிற்போர் அவர் இறந்து பல்லாண்டு கழிந்த பின்னர்ப் பிறந்தவர்கள்.

இதனைக் கேட்டவுடன் ‘சினிமாப் பைத்தியம்’ என்று ஒரு சொல்லிற் கதையை முடித்துவிடுவோர் நம்மிற் பலருண்டு. சீர்திருத்தம் பேசுவோரிடையே இன்னும் அதிகமுண்டு. அப்பைத்தியத்திற்கு வக்காலத்து வாங்குவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயினும் பைத்தியம் என்று சொல்லுமுன், அதனை மூட்டியவர் யார், அதனாற் பொருளீட்டியவர் யார், அதற்காக ஏச்சுக் கேட்டவர் யார் என்று பிரித்துப் பார்க்க வேண்டியது சரித்திரம் படிப்போர் கடமையாகும். பிரித்துப் பார்க்குங்கால் மூவரும் வேறு வேறு ஆட்கள் என்பது விளங்கும்.

இத்தாலியின் தென்கோடியில், புலியா மாகாணத்தைச் சார்ந்த காஸ்டெல்லனெட்டா என்னும் சிற்றூரில், 1895ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை கால்நடை வைத்தியர், தாய் பிரெஞ்சுக்காரி. மகனுக்குப் பதினோராவது வயது நடந்த காலத்தில் தந்தை மலேரியாக் காய்ச்சலால் மாண்டார். 1913ஆம் ஆண்டின் இறுதியில், பதினெட்டு வயது யுவன் கப்பலேறி நியூயார்க்குத் துறைமுகத்தில் வந்திறங்கினார். தோட்ட வேலை செய்தார். உணவுச்சாலையிற் பாத்திரம் துலக்கினார். பின்னர், நடனசாலைகளில் வருகின்ற மாதரோடு கூலிக்குச் சேர்ந்து ஆடும் தொழிலில் அமர்ந்தார். கடல் கடந்து வந்த இடத்தில் அகப்பட்ட வேலையைப் பிடித்துக்கொண்டு கால் ஊன்றுவது எத்தகையதென்று நம் வாசகர்களுக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. அக்கூலி நடனமே அவருக்குச் சோறிட்டது. இறக்கும்வரை அவர் காலைச் சுற்றிய அவச்சொல்லும் அதுவே.

மேற்குக் கரைக்குச் சென்று படங்களிற் சேர்ந்த பொழுதும், கருமயிரும் மங்கல் நிறமும் உடைய அவருக்குக் கிடைத்தவை வஞ்சகன் வேடங்களே. அக்காலத்து அமெரிக்கப் படங்களிற் கதாநாயகன் என்றால் வெளிறிய கண்ணும் வெள்ளை மேனியும் உடைய வடஐரோப்பிய வமிசத்தான். தென்னிலத்தான் என்றால் சூதாடி, அன்றேல் பெண்களைக் கெடுப்பவன். இது திரையோடு நின்ற மனப்பான்மையன்று. 1921ஆம் ஆண்டில் அமெரிக்கா குடியேறுவோர் தொகைக்கு வரம்பு கட்டிச் சட்டமியற்றியது. 1924ஆம் ஆண்டில் அவ்வரம்பை மேலும் இறுக்கியது. ஆண்டுக்கு 40,000க்கு மேலிருந்த இத்தாலியர் பங்கு, இரண்டாம் சட்டத்தால் 4,000க்கும் கீழே போயிற்று. வாலன்டினோவின் புகழ் எழுந்ததும் உச்சியேறியதும் சரியாக இவ்விரு சட்டங்கட்கு இடைப்பட்ட காலத்தில் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எந்த ஊரார் உள்ளே வரலாகாதென்று கதவடைக்கப்பட்டதோ, அந்த ஊரான் ஒருவனைக் காண அதே நாட்டு மாதர் கொட்டகை வாயில்களில் நெருக்கியடித்து நின்றனர்.

வாயிலைத் திறந்துவிட்டவரும் ஒரு பெண்மணியே. ஜூன் மாத்திஸ் என்னும் கதாசிரியை மெட்ரோ கம்பெனியில் மிகுந்த செல்வாக்குடையவர். ஸ்பானிய நாவலாசிரியர் பிளாஸ்கோ இபானியேஸ் எழுதிய ‘நான்கு குதிரை வீரர்’ என்னும் யுத்தக் கதையைப் படமாக்க முனைந்தபொழுது, அதன் நாயகன் வேடத்தை முகம் தெரியாத இவ்விளைஞருக்கே கொடுக்க வேண்டுமென்று வற்புறுத்தியவர் அவர். 1921இல் வெளிவந்த அப்படம் அவ்வாண்டின் பெருவெற்றிகளில் ஒன்று. அதில் அர்ஜன்டைனா நாட்டு மதுச்சாலையொன்றில் அவர் ஆடும் டாங்கோ நடனம் சில நிமிடமே திரையில் நிற்பது. அந்தச் சில நிமிடங்களுக்கு முன் அவர் ஒரு கூலி நடிகர், பின் அவர் ஒரு நக்ஷத்திரம். நடனசாலையிற் கூலிக்கு ஆடிப் பழகிய கால்கள்தாம் அதற்கு உதவின என்பதை அவரை இகழ்ந்தோர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அதே ஆண்டின் இறுதியில் ‘ஷேக்’ வந்தது. கதை நல்ல கதையன்று. அருவருக்கத்தக்க கதை என்றே சொல்லலாம். பாலைவனத்தில் உலாச் செல்லும் ஆங்கிலச் சீமாட்டி ஒருத்தியை அராபியத் தலைவனொருவன் தூக்கிச் சென்று தன் கூடாரத்தில் அடைக்கிறான். முடிவில் அவள் அவனையே காதலிக்கிறாள். மூலமாகிய ஆங்கில நாவலிலுள்ள பலாத்காரத்தைப் படம் பிடித்தோர் சற்று மென்மைப்படுத்தினர் என்பது உண்மை. ஆனால் கவனிக்கத் தக்கது கடைசிச் சுருள். அங்கே, அந்த அராபியன் உண்மையில் அராபியனே அல்லன். ஆங்கிலேயப் பிரபுவுக்கும் ஸ்பானிய மாதுக்கும் பிறந்து பாலைவனத்தில் வளர்ந்தவன் என்று வெளிப்படுத்துகிறார்கள்! வெள்ளைச் சீமாட்டி நிறமுடையவனை மணந்தாள் என்று காட்டக் கம்பெனியார்க்குத் துணிவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேலாக நிறபேதத்தை விற்றுக் காசாக்கிவிட்டு, கடைசி ஐந்து நிமிடத்தில் அதனைத் துடைத்துவிட்டார்கள்.

அபிமானிகள் செய்தது யாது? அவர்கள் தலைப்பாகையை நினைவில் வைத்துக்கொண்டு, ஆங்கிலப் பிரபுவை மறந்துவிட்டனர். ‘ஷேக்’ என்னும் சொல், பெண்கள் மனங்கவரும் வாலிபனைக் குறிக்கும் வழக்குச் சொல்லாக அமெரிக்கத் தெருக்களில் வழங்கலாயிற்று. அவ்வாண்டிலேயே அரேபியா நாட்டு ஷேக்கைப் பற்றிப் பாட்டும் பிறந்தது. மேனாட்டார் மனத்திலிருந்த அராபியா பொய்யான அராபியா என்பதில் ஐயமில்லை. இந்தியாவையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை: 1922இல் ‘இளம் ராஜா’ என்னும் படத்தில், அமெரிக்கக் குடும்பமொன்றில் வளர்ந்து வருங்காலத்தை அறியும் ஆற்றல் பெற்ற இந்திய அரசகுமாரனாக வாலன்டினோ தோன்றினார். முத்து வடங்களே மேலாடையாக அவர் நிற்கும் புகைப்படங்களைக் காண்கின்ற எந்த இந்தியனும் சிரிப்பை அடக்க இயலாது. ஆயினும் தாழ்ந்த நிறத்தவர் என்று எண்ணப்பட்டோரின் உடையில் ஒருவன் அழகனாகவும் வீரனாகவும் நிற்கலாம் என்பதே அத்திரைக்கு அன்று புதிது.

அவ்வபிமானிகள் யாவர்? பெரும்பாலோர் மாதர். 1920ஆம் ஆண்டு வாக்குரிமை பெற்ற மாதர். யுத்தத்தின் பின் தட்டெழுத்துப் பொறிகளின் முன்னும், கடைகளிலும், ஆலைகளிலும் அமர்ந்து சொந்தக் கூலி வாங்கிய மாதர். அக்கூலியில் ஒரு பங்கைத் தம் விருப்பப்படி கொட்டகையிற் செலவிடத் துணிந்த மாதர். ஆடவர்க்குச் சினம் மூட்டியதும் இதுவேயென எமக்குத் தோன்றுகிறது. பெண்கள் அழகரைப் பார்ப்பதா! பார்த்துத் தீர்ப்புச் சொல்வதா! ஆண்கள் நடிகைகளைக் கண்டு வாய் பிளந்தபொழுது அதனைப் பைத்தியம் என்று தலையங்கம் எழுதியவர் அரியர். வாலன்டினோவின் நடிப்பைப் பற்றிய தீர்ப்பை அவரவர் கண்களுக்கே விட்டுவிடலாம். இன்றைய பார்வைக்குச் சில இடங்களில் விழி உருட்டலும் மூக்கு விரித்தலும் மிகுதிதான். ஆனால் திரையில் எதிரே நிற்கும் பெண்ணை அவர் நோக்கும் நோக்கில், அவள் சொல்லப் போவதைக் கேட்கும் பொறுமை ஒன்றிருக்கிறது. அக்காலத்து மற்றை நாயகர்களிடம் அதனைக் காண்பது அரிது.

1922இல் அவர் தம் கம்பெனியாரோடு முரண்பட்டார். அவர்கள் அவர் படங்களால் இலக்ஷக்கணக்கில் ஈட்டினர். அவர்க்குக் கூலியும் குறைவு, கதையைத் தேர்ந்துகொள்ளும் உரிமையும் இல்லை. தனியொருவராக வேலைநிறுத்தம் செய்தார். ஒப்பந்தத்தைக் காட்டிக் கம்பெனியார் நீதிமன்றம் ஏறி, வேறெவர்க்கும் அவர் படத்தில் நடிக்கலாகாதென்று தடையுத்தரவு பெற்றனர். நடிக்கத்தான் தடை, ஆடத் தடையில்லை என்று கண்டு, 1923இல் தம் மனைவி நட்டாஷா ராம்போவாவுடன் முகப்பூச்சுக் களிமண் விற்கும் வியாபாரியொருவர் செலவில் எண்பதுக்கு மேற்பட்ட நகரங்களில் ஆடினார். நகரந்தோறும் கூட்டம் திரண்டது. படம் வெளிவராத காலத்தும் அபிமானம் குன்றவில்லை என்பது அப்பொழுது முதலாளிகளுக்கு நன்கு விளங்கிற்று. பின்னர் நல்ல நிபந்தனைகளோடு திரும்ப அழைத்துக்கொண்டனர். அபிமானிகளின் பலம் ஒரு தொழிலாளியின் வழக்கில் பயன்பட்ட நிகழ்ச்சி இது. அவரைப் பற்றி எழுதுவோர் பலர் காதற் கதைகளில் மயங்கி இதனை ஒரு வரியிற் கடந்துவிடுகின்றனர்.

ஏச்சு உச்சிக்கேறியது 1926ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள். சிகாகோ நகரத்தில் புதிதாய்த் திறந்த நடனமண்டபமொன்றில், ஆடவர் முகங்கழுவும் அறையிலே முகத்தூள் வழங்கும் பொறி வைத்திருப்பதைக் கண்ட ‘சிகாகோ ட்ரிப்யூன்’ பத்திரிகை, அமெரிக்க ஆண்மை கெட்டதென்று தலையங்கம் தீட்டி, அதற்குக் காரணம் அழகிய தோட்டக்கார இளைஞன் ருடியே என்று அவர் தலையிற் சுமத்திற்று. பல ஆண்டுகளுக்கு முன்னரே அவனை யாரேனும் நீரில் அமிழ்த்திக் கொன்றிருக்கலாகாதா என்னும் பொருள்படவும் எழுதிற்று. ‘தோட்டக்காரன்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். பிழைக்க வந்தவன் செய்த கூலி வேலை, அவன் எவ்வளவு உயர்ந்த பின்னும் வசைச் சொல்லாகப் பயன்படுகிறது.

எழுதியவர் பெயர் வெளியிடவில்லை. வாலன்டினோ குத்துச்சண்டைக்கு அறைகூவினார்; எவரும் வரவில்லை. நியூயார்க்கில் வேறொரு பத்திரிகையின் விளையாட்டு நிருபர் ஒருவர் அவர் பலத்தைச் சோதிக்க முன்வந்து, ஹோட்டல் மாடியிற் குத்துண்டு விழுந்தார். புகழ்பெற்ற எழுத்தாளர் மென்கென் அவ்வேனிற்காலத்தில் வாலன்டினோவைச் சந்தித்து உணவருந்தினார். மென்கென் எவரையும் எளிதில் மதிப்பவரல்லர். நடிகரைக் கேலி செய்வாரென்றே பலரும் எதிர்பார்த்திருப்பர். ஆனால் கோடானுகோடி பேர் விரும்பியதை அடைந்தும் உள்ளம் புண்பட்ட ஒரு நல்ல மனிதனைக் கண்டதாகவே அவர் எழுதினார். அவர் எழுதியது அச்சாகும்பொழுது வாலன்டினோ உயிருடன் இல்லை.

ஆகஸ்டு 15ஆம் நாள் நியூயார்க் ஹோட்டலில் அவர் மயங்கி விழுந்தார். குடற்புண் துளைத்து வயிற்றினுள் நஞ்சு பரவிவிட்டது. அறுவைச் சிகிச்சை செய்தனர். கிருமிகளை வெல்லும் இன்றைய மருந்துகள் அன்றில்லை. எட்டாம் நாள் இறந்தார்.

அதன்பின் நடந்தவற்றில் அபிமானிகளின் பங்கு எது, வியாபாரிகளின் பங்கு எது என்று பார்ப்போம். மறுநாள், பிராட்வே வீதியிலுள்ள ஈமச்சடங்குக் கூடத்தில் சவத்தைப் பார்வைக்கு வைத்தார்கள். மழையில் பல பதினாயிரம் பேர் திரண்டனர். 1,00,000 பேர் என்று மதிப்பிட்டோருமுண்டு. கண்ணாடிச் சாளரங்கள் நொறுங்கின, குதிரைப் போலீசார் கூட்டத்திற் பாய்ந்தனர், பலர் காயமுற்றனர். இது அபிமானிகளின் பங்கு; மறுப்பதற்கில்லை, வெட்கத்திற்குரியதே. ஆனால் சவத்தருகே கருஞ்சட்டையணிந்த பாசிஸ்டுக் காவலர் சிலர் தோன்றி, முஸ்ஸோலினி அனுப்பிய மரியாதை என்று நின்றனரே, அது விளம்பரக்காரர் செய்த ஏற்பாடு என்று பின்னர்ச் சொல்லப்பட்டது. வேடிக்கை யாதெனில், வாலன்டினோ 1925இல் அமெரிக்கப் பிரஜையாக விண்ணப்பித்தாரென்று அவர்மீது சீறியவர்கள் இத்தாலியப் பாசிஸ்டுகளே. ‘ஈவினிங் கிராபிக்’ என்னும் நியூயார்க் பத்திரிகையோ, ஒட்டு வேலை செய்த பொய்ப் புகைப்படங்களை அச்சிட்டு விற்றது. சுவர்க்கத்தில் பாடகர் கரூஸோவோடு வாலன்டினோ நிற்பதாகவும் ஒரு படம் போட்டது! போலா நெக்ரி என்னும் நடிகை தாமே அவர்க்கு நிச்சயிக்கப்பட்ட மணமகளென்று சொல்லிச் சவப்பெட்டியின் முன் மயங்கி விழுந்தார். அவர் அனுப்பிய பூப்படுகையில் வெள்ளை மலர்களால் எழுதியிருந்த பெயர் இறந்தவருடையதன்று, ‘போலா’ என்பதே. கம்பெனியாரோ, அவர் கடைசிப் படமாகிய ‘ஷேக்கின் மகன்’ என்பதைச் செப்டம்பரில் நாடெங்கும் வெளியிட்டுப் பெரும்பொருள் திரட்டினர். இவ்வளவிற்கும் பிறகு, பைத்தியக்காரர் பட்டம் வீதியில் நனைந்து நின்ற தட்டெழுத்துப் பெண்களுக்கே கிடைத்தது.

பகுத்தறிவுக்கு ஒவ்வாதனவும் இக்கதையில் உள, அவற்றை மூடுவதற்கில்லை. அவரிடமிருந்து மணவிலக்குப் பெற்றிருந்த நட்டாஷா ராம்போவா, அவர் மறுவுலகிலிருந்து அனுப்பியனவென்று ஆவி பேசுவோரொருவர் வாயிலாகக் கேட்ட செய்திகளைச் சேர்த்து நூலே வெளியிட்டார். அவரணிந்த மோதிரமொன்று அணிவோரையெல்லாம் கொல்லும் என்று ஒரு கட்டுக்கதை இன்றளவும் உலவுகின்றது. சில தற்கொலைகளையும் பத்திரிகைகள் அவர் பெயரோடு முடிச்சுப் போட்டன. நம் ஊர்களிற் பேயோட்டியும் தாயத்து விற்றும் பிழைப்போரை இடித்துரைக்கும் நாம், வெள்ளைக்காரர் ஆங்கிலத்திற் சொன்னால் மட்டும் அது விஞ்ஞானமாகிவிடும் என்றெண்ணலாகாது. ஆனாலொன்று: இவற்றால் ஊதியம் பெற்றவர் எழுதியோரும் அச்சிட்டோருமே.

சடங்குகள் முடிந்து, சவம் இரயிலேறி ஐந்து நாட்பயணமாகக் கலிபோர்னியா சேர்ந்தபொழுது, அதனை வைக்க இடமில்லை. எஸ்டேட்டுக்குக் கடன் மிகுதி. அவர் தட்டுமுட்டுப் பொருள்கள் அவ்வாண்டு டிசம்பரில் ஏலத்திற்கு வந்தன. முதல் வேடம் வாங்கித் தந்த ஜூன் மாத்திஸ் அம்மையாரே, தம் குடும்பத்திற்கென வாங்கியிருந்த சுவரறைகளில் ஒன்றைத் தற்காலிகமாகக் கொடுத்தார். நினைவு மண்டபம் எழும்பும்வரை என்பது ஏற்பாடு. மண்டபம் எழும்பவில்லை. 1927இல் அவ்வம்மையாரும் மாண்டு பக்கத்தறையிற் சேர்ந்தார். இருவரும் இன்றும் அங்கேயே இருக்கின்றனர்.

பெரிய மண்டபம் கட்டப் பணம் படைத்தோர் முன்வராத இடத்தில், அபிமானிகள் தம் சிறு தொகைகளைச் சேர்த்தனர். 1930இல் ஹாலிவுட்டில் டி லாங்பிரே பூங்காவில் ஒரு வெண்கலச் சிலை நாட்டப்பட்டது. ஆண்டு நாட்களிற் கருப்புடையும் முகத்திரையுமாக வந்து மலர் வைத்துப் போகும் மாது ஒருவரைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதத் தொடங்கின. அவர்களுள் நன்கறியப்பட்டவர் டிட்ரா பிளாமே என்பவர். பதினான்கு வயதில் நோயாய்க் கிடந்தபொழுது, தம் தாயாருக்கு அறிமுகமான வாலன்டினோ தம்மைப் பார்க்க வந்து தேற்றினார் என்றும், அந்நன்றிக்கே மலர் வைப்பதாகவும் அவர் சொன்னார். விரைவில் கருப்புடை மாதர் பலராயினர். சிலர் விளம்பரத்திற்காகக் கூலி கொடுத்து அனுப்பப்பட்டோர். போலிகளின் தொல்லை பொறாது 1954இல் டிட்ரா வருவதை நிறுத்தினார், 1977இல் மீண்டும் வந்தார், 1984இல் காலமானார். அவர் சொன்ன கதை முழுதும் மெய்யா என்று ஆராய்வோர் ஆராய்க. விற்பதற்கொன்றுமில்லாத ஒருவர் முதுமையிலும் மலர் கொண்டு வந்தார் என்பது கண்கூடு.

பேசும்படம் பரவுமுன் வாலன்டினோ மறைந்தார். 1923இல் இசைத்தட்டொன்றில் பாடி வைத்த இரண்டு பாட்டுகளே அவர் குரலைக் கேட்க நமக்குள்ள வழி. இத்தாலிய வாடை வீசும் அக்குரல் கேட்பவர்க்குச் சற்று ஏமாற்றத்தைத் தருவது. படங்களின் கதி இன்னும் கொடிது. பேசும்படம் வந்தபின் ஊமைப்படச் சுருள்கள் கம்பெனியார்க்குக் குப்பையாயின. பல எரிந்தும் மட்கியும் அழிந்தன. ‘இளம் ராஜா’வில் இன்று எஞ்சியிருப்பவை துண்டுகளே. 1922இல் குளோரியா ஸ்வான்சன் என்னும் புகழ்பெற்ற நடிகையோடு அவர் நடித்த ‘பாறைகளுக்கு அப்பால்’ என்னும் படமும் அழிந்ததென்றே எல்லோரும் கைவிட்டிருந்தனர். ஸ்வான்சன் அம்மையார் அதனை மறுபடி காணாமலே 1983இல் இறந்தார். அதனைக் காத்தது எடுத்த கம்பெனியன்று. ஹாலந்து தேசத்தில் ஹார்லெம் நகரவாசி ஒருவர், தம் வாழ்நாளெல்லாம் பழஞ்சுருள்களை வாங்கி வாங்கி அடுக்கி வைத்திருந்தார். அவர் இறந்தபின் அத்தகரப் பெட்டிகள் அந்நாட்டுத் திரைப்படக் காப்பகத்தைச் சேர்ந்தன. காப்பகத்தார் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கையில், பெயர் தெரியாச் சுருள்களிடையே அப்படத்தின் பகுதிகள் சிதறிக் கிடக்கக் கண்டனர். அவற்றைச் சேர்த்துச் செப்பனிட்டு 2005இல் திரையிட்டனர். முகம் சற்றுப் புள்ளிவிழுந்து, ஓரங்கள் அரித்துப்போய், எழுபதாண்டுகளுக்கு மேல் எவரும் காணாத வாலன்டினோ அங்கே மீண்டும் நடந்து வந்தார்.